பெஞ்சில் யார் உட்காருவது?

தங்கவயலில் கால்பந்து அணி நடத்தும் கமிட்டி அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,



அடுத்த டோர்னமென்டுக்கு ரசீதுப் புத்தகம் அச்சடித்தாயிற்று என்று கேள்விப்பட்டேன். இனி ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வசூல் தொடங்கிவிடும். சேருகிற பணத்தில் பெரும்பங்கு பெங்களூரிலிருந்து வரும் கெஸ்ட் பிளேயர்களுக்குத்தான் போகும். போன வருஷமும் அப்படித்தான், அதற்கு முந்தைய வருஷமும் அப்படித்தான். இந்த வருஷம் பணம் கைமாறுவதற்கு முன்னால் எல்லாக் கமிட்டிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். யார் மேலும் கோபம் இல்லை. கவலை நிறைய இருக்கிறது.

போன வருஷ அரையிறுதியன்று நான் டச்லைனை ஒட்டி, நம் பையன்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நின்றிருந்தேன். மதியக் காற்றில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி மைதானத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பி.யு.சி. இரண்டாம் வருஷம் படிக்கிற பையன் ஒருவன், லெஃப்ட் விங் ஆடுகிறவன், தீபாவளியிலிருந்து பயிற்சிக்கு ஒரு நாளும் தவறாதவன், ஷின் கார்டு கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் லேஸை அவிழ்ப்பதும் திரும்ப இறுக்கிக் கட்டுவதுமாக இருந்தான். அவன் இடத்தில் ஆடியவர் காலை ரயிலில் வந்து உரிகத்தில் இறங்கியவர். இரண்டாம் பாதியில் ஒரு கோல் போட்டார்; நல்ல கோல், நானும் கை தட்டினேன். ஆட்டம் முடிந்ததும் கவரை வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டார். பையனைக் கடைசி ஐந்து நிமிஷத்துக்குக்கூட இறக்கவில்லை. இறுதியாட்டத்திலும் இறக்கவில்லை, அதில் தோற்றும் போனோம். பொங்கலுக்குப் பிறகு அவன் மைதானப் பக்கமே வரவில்லை. பெங்களூரில் ஏதோ மொபைல் கடையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்த கெஸ்ட் பிளேயரை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். வாங்கிய காசுக்கு உண்மையாக ஓடினார். உங்கள் நெருக்கடியும் தெரியும். ஏரியாவுக்குக் கோப்பை வரவில்லை என்றால் அடுத்த வருஷம் கடைக்காரர் நூறு ரூபாய் கொடுத்த இடத்தில் இருபது ரூபாய் கொடுப்பார். எதிரணி நான்கு கெஸ்ட் பிளேயர்களை இறக்கும்போது நாம் மட்டும் பையன்களை வைத்து ஆடினால் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். இது ஒரு கமிட்டியால் தனியாகத் தீர்க்க முடியாத சிக்கல். எல்லோரையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

தேறிய ஆட்டக்காரனை விலை கொடுத்து வாங்குவதா, இன்னும் தேறாத பையன் மேல் நம்பிக்கை வைப்பதா என்ற கேள்வியை அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலரை வைத்து வருஷா வருஷம் கேட்கிறார்கள். அங்கே கால்பந்து என்றால் நம் ஆட்டம் இல்லை; முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடுகிற ஆட்டம். அந்த லீகில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். பொதுவாக, போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இப்படி ஏழு சுற்று. அந்த வாய்ப்பைப் பண்டமாற்றும் செய்யலாம். அடுத்த வருஷத்து வாய்ப்பையும் அதற்கடுத்த வருஷத்து வாய்ப்பையும்கூட இன்றைக்கே தூக்கிக் கொடுத்து, பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரை வாங்கிக்கொள்ளலாம்.

1989 அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி அதைத்தான் செய்தது. ஒரே ஒரு நல்ல ஓட்டக்காரர் சேர்ந்துவிட்டால் பட்டம் நமக்குத்தான் என்று நினைத்து, டல்லாஸ் கௌபாய்ஸ் அணியிடமிருந்து ஹெர்ஷல் வாக்கரை வாங்கியது. பதிலுக்கு ஐந்து ஆட்டக்காரர்களையும், வரும் ஆண்டுகளின் டிராஃப்ட் வாய்ப்புகளை அள்ளியும் கொடுத்தது. அந்த சீசனில் டல்லாஸ் 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் ஜெயித்தது, ஊரே சிரித்திருக்கும். ஆனால் மினசோட்டாவிடமிருந்து வந்த வாய்ப்புகளை வைத்துப் பேரம் பேசித்தான் அடுத்த வருஷமே எமிட் ஸ்மித் என்ற பையனைப் பிடித்தது. அந்த லீகின் வரலாற்றிலேயே பந்தோடு அதிக தூரம் ஓடியவர் பிற்பாடு அவர்தான். 1993, 1994, 1996 என்று மூன்று முறை சூப்பர் பௌல், அதாவது அந்த லீகின் பட்டம், டல்லாஸுக்குப் போயிற்று. வாக்கர் மூன்றாவது சீசனோடு மினசோட்டாவை விட்டுக் கிளம்பிவிட்டார். மினசோட்டா இன்னும் ஒரு சூப்பர் பௌல்கூட ஜெயிக்கவில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் எதிர்க்கதையும் இருக்கிறது. 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, டெட்ராய்ட்டில் 12 வருஷம் ஆடியும் ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்க வாய்க்காத மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கியது. தன்னிடம் இருந்த ஜாரெட் கோஃபையும், இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும், ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்தது. எதிர்காலத்தையே விற்றுவிட்டார்கள் என்று பேசினார்கள். 2022 பிப்ரவரியில் ராம்ஸ் சொந்த மைதானத்திலேயே சாம்பியன் ஆனது. தேறியவரை வாங்குவது எப்போதும் முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால், இந்தக் கோப்பையைக் காட்டி வாயை அடைத்துவிடலாம்.

அதற்கடுத்த சீசனில் அதே ராம்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி. நடப்பு சாம்பியனாக இருந்த எந்த அணியும் அவ்வளவு மோசமாக ஆடியதில்லை. டெட்ராய்ட்டோ வந்த வாய்ப்புகளை மாற்றியும் பிரித்தும் ஜாமிர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா போன்ற பையன்களைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் பிளே ஆஃபில் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதின. 24–23 என்று டெட்ராய்ட் ஜெயித்தது. 32 வருஷத்தில் அவர்களுக்கு முதல் பிளே ஆஃப் வெற்றி. அன்று ராம்ஸ் பக்கம் மலைபோல் நின்று ஆடியது யார் தெரியுமா? புகா நகுவா. ஐந்தாம் சுற்றில், 177ஆவது ஆளாக எடுக்கப்பட்ட பையன். முதல் சுற்று வாய்ப்புகளை விற்றுவிட்ட அணியைக் கடைசியில் தாங்கிப் பிடித்தவன், யாரும் சீந்தாமல் விட்ட ஒரு பையன்தான்.

பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தாலரும் கேட் மாசியும் சேர்ந்து இந்த டிராஃப்ட் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். அதில் இரண்டு விஷயங்கள் நமக்குத் தேவை. முதலாவது, ஒரே இடத்தில் ஆடுகிற, அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு பையன்களில் முன்னால் எடுக்கப்பட்டவன் பின்னால் எடுக்கப்பட்டவனைவிட நன்றாக வருவதற்கான சாத்தியம் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். இத்தனை பணமும் இத்தனை ஆட்களும் வைத்துத் தேடுகிற அவர்களுக்கே இந்தக் கதி. ஆகவே ‘இவன் ஒருத்தன் போதும்’ என்று ஒரு பையனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதும் தப்புதான். பதினைந்து பேரை வளர்த்தால் மூன்று பேர் தேறுவார்கள், யார் அந்த மூன்று பேர் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. இரண்டாவது, அடுத்த வருஷத்து முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்து இந்த வருஷத்து இரண்டாம் சுற்று வாய்ப்பை வாங்கிக்கொள்ளும் பழக்கம் அங்கே உண்டு. அதற்குள் ஒளிந்திருக்கும் வட்டியைக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறதாம். கந்துவட்டி என்றால் என்னவென்று நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைய அவசரத்துக்கு வாங்குகிறோம், நாளைய சம்பளம் போகிறது. கெஸ்ட் பிளேயருக்காக நம் பையனை உட்காரவைக்கும் ஒவ்வொரு ஆட்டமும் அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது.

நம் நாட்டிலும் டிராஃப்ட் நடந்திருக்கிறது. 2014 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்குவதற்கு முன் மும்பையில் ஆறு அணிகள் உட்கார்ந்து 84 இந்திய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுத்தன. 2017இல் பெரிதாக இன்னொன்று நடந்தது. ஜம்ஷெட்பூர் முதல் ஆளாக 1.10 கோடிக்கு அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. பிறகு அந்த முறை நின்று, நேரடி ஒப்பந்தம் என்றாகிவிட்டது. 2014இல் நடந்த முதல் சீசனில் எல்லோரும் பேசியது வெளிநாட்டுப் பெயர்களைத்தான். டெல்லி 39 வயது டெல் பியரோவைக் கொண்டுவந்தது. பத்து ஆட்டம் ஆடி ஒரு கோல் போட்டார், டெல்லி ஐந்தாவதாக வந்தது. சென்னைக்கு வந்த எலானோ 8 கோல் போட்டு அந்த சீசனின் தங்க பூட்ஸ் விருதை வாங்கினார், அதையும் சொல்ல வேண்டும். 2014 டிராஃப்டில் கேரளா எடுத்த சந்தேஷ் ஜிங்கன் அப்போது 21 வயதுப் பையன். பிற்பாடு பல ஆண்டு இந்தியாவின் தடுப்பாட்டத்தை அவர்தான் தாங்கினார். போஸ்டரில் அன்றைக்கு அவர் படம் எந்த மூலையில் இருந்ததோ!

நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரிலேயே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போவது அதைத்தான். சிவகங்கை மாவட்டம் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன். இந்தியாவுக்கு ஆடிய ராமன் விஜயன் நடத்தும் கால்பந்துப் பள்ளியில் வளர்ந்தவர். பெங்களூரு எஃப்.சி. அவரை எடுத்து, உடனே பெரிய அணியில் இறக்காமல், இளையோர் அணியில் சேர்த்து பெங்களூரு மாவட்ட சூப்பர் டிவிஷன் லீகில் ஆடவிட்டது. அங்கே கோல்களாகப் போட்டார். 2022 செப்டம்பரில் டியூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பைக்கு எதிராக முதல் கோல் அவருடையது. பெங்களூரு 2–1 என ஜெயித்தது. அடுத்து வந்த 2022–23 லீக் சீசனில் 6 கோல் போட்டு, வளரும் ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார்.

அந்த சீசனின் பிற்பகுதியில் முன்வரிசையில் தொடங்கியவர்கள் ராய் கிருஷ்ணாவும் சிவசக்தியும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சுனில் சேத்ரி! இந்தியாவின் கேப்டன், 38 வயது, அந்த கிளப்பின் முதல் சீசனான 2013–14லேயே ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்தவர். பையன் ஓடி எதிரணியைக் களைக்கவைப்பான். அதற்குப் பிறகு பெரியவர் இறங்குவார். அந்த வருஷம் பெங்களூரு தொடர்ச்சியாக எட்டு லீக் ஆட்டங்களை ஜெயித்தது. கேரளாவுக்கு எதிரான பிளே ஆஃபில் மாற்று ஆளாக இறங்கிய சேத்ரி, எல்லோரும் அசந்திருந்த நேரம் பார்த்து ஃப்ரீ கிக்கை வலைக்குள் தள்ளியதும், கேரள அணி கோபித்துக்கொண்டு வெளியேறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 18 வயதுப் பையனுக்கு அந்த சமயோசிதம் வராது, அனுபவத்தில்தான் வரும். 2024–25இல் 40 வயதில் அதே சேத்ரி 14 கோல் போட்டு, இந்திய ஆட்டக்காரர்களில் முதலாவதாக நின்றார். அனுபவசாலி வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். இங்கே தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கடுமையாக எழவில்லை. வேலை இங்கே இருந்தது. ஆடுகிறவன் ஷிஃப்ட் முடிந்து மாலையில் மைதானத்துக்கு வந்தான், மறுநாளும் வந்தான், அவன் ஆடுவதைப் பார்த்தே சின்னவர்கள் கற்றுக்கொண்டார்கள். பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி நம் சுரங்கத்தை மூடியபோது சம்பளத்தோடு அந்த மாலை நேரமும் போயிற்று. இப்போது இருபத்தைந்து வயது ஆள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இரவில்தான் வீடு திரும்புகிறான். மாலையில் மைதானத்துக்கு வர முடிகிறவர்கள் பள்ளி, காலேஜ் பையன்கள் மட்டும்தான். நம்மிடம் கம்பெனி இல்லை, முதலாளி இல்லை. இருக்கிற சொத்து இந்தப் பையன்கள்.

அந்தக் காலத்தில்கூட இந்தப் பக்கத்து மண் ஆட்டக்காரர்களை வாங்கியதைவிட வளர்த்து அனுப்பியதுதான் அதிகம். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட ராமன் பெங்களூர்க்காரர். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் ‘பஞ்சபாண்டவர்’ என்று பெயர்பெற்ற முன்வரிசையில் ஆடிய தன்ராஜும் அகமது கானும் பெங்களூரிலிருந்து போனவர்கள். கல்கத்தாவிடம் வாங்கப் பணம் இருந்தது, ஈஸ்ட் பெங்கால் 1949 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியது. நம்மால் கல்கத்தாவாக முடியாது. ஆனால் வளர்த்து அனுப்புகிற ஊராக இன்றைக்கும் இருக்க முடியும், அதற்கு இப்போது பயனும் உண்டு. ஃபிஃபா விதிப்படி 12 வயதிலிருந்து 21 வயதுவரை ஒரு பையனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு, அவன் தொழில்முறை ஆட்டக்காரனாகும்போது பயிற்சி இழப்பீட்டில் பங்கு கிடைக்க வழி உண்டு. அதற்கு ஒரு நிபந்தனை: அந்த வருஷங்களில் அவன் அந்தக் கிளப்பின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இந்தியாவில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவு முறை இருக்கிறது. நம் பையன்களில் எத்தனை பேர் அதில் நம் அணிகளின் பெயரில் இருக்கிறார்கள் என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். பதிவே இல்லாமல் பெங்களூரு அகாடமிக்குப் போகிற பையனின் ஆட்டக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்; தங்கவயல் என்ற பெயரே அதில் வராது.

என் கோரிக்கை இது. வரப்போகிற டோர்னமென்டின் விதிகளிலேயே எழுதிவிடுங்கள்: ஒவ்வொரு அணியிலும் தொடங்குகிற பதினொருவரில் ஐந்து பேராவது தங்கவயலைச் சேர்ந்த, 19 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும். கெஸ்ட் பிளேயர் இரண்டு பேருக்கு மேல் கூடாது, அவர்களும் இரண்டாம் பாதியில்தான் இறங்க வேண்டும். எல்லா அணிக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆட்டத்தின் தரம் முதல் வருஷம் கொஞ்சம் குறையும், அதை மறைக்க வேண்டாம். இந்தியன் சூப்பர் லீகில் ஒரு காலத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நின்றார்கள். 2021–22 சீசனிலிருந்து நால்வர்தான். அப்போதும் தரம் போய்விடும் என்றார்கள். இடம் காலியானதால்தானே சிவசக்தி போன்றவர்கள் உள்ளே வந்தார்கள்!

மிச்சமாகும் பணத்தில் முதலில் பதிவு வேலையை முடியுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி இருக்கும் பையன்கள் நிறைய. யாராவது ஒருவர் கூடவே அலைந்தால்தான் அது சரியாகும். டிரையல்ஸுக்குப் போகிறவர்களுக்கு ரயில் செலவும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுங்கள். டிவிஷன் லீக்குகளில் ஆடி முடித்து ஊரோடு வந்துவிட்ட பழைய ஆட்டக்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு நாள் ஆட்டத்துக்கு கெஸ்ட் பிளேயர்களுக்குக் கொடுப்பதை அவர்களில் ஒருவருக்கு மாதச் சம்பளமாகக் கொடுத்தால், வாரத்தில் நான்கு மாலை பையன்களோடு நிற்பார். சம்மதித்தால் டி லைசென்ஸ் பயிற்சிக்கும் அனுப்பலாம். நான் ஆசைப்படுகிற அனுபவசாலி அவர்தான், சாயங்கால ரயிலுக்குக் கிளம்ப வேண்டியிராதவர்.

ஸ்பான்சர்களிடம் என்ன சொல்வது என்ற கேள்வி வரும். கோப்பையை மட்டும் காட்டிக் கேட்காமல், ஜெர்சி போட்டு நிற்கும் பையன்களையும் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தக் கடையின் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள்.

வசூல் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, காலைப் பயிற்சி முடிந்ததும் மைதானத்திலேயே கூடலாம். ஒவ்வொரு கமிட்டியிலிருந்தும் இரண்டு பேர் வந்தால் போதும். போன வருஷச் செலவுக் கணக்கையும், 19 வயதுக்கு உட்பட்ட பையன்களின் பெயர், பிறந்த தேதிப் பட்டியலையும் கொண்டுவாருங்கள். பதிவுக்கு வேண்டிய ஸ்கேன் வேலையையும் படிவம் நிரப்புவதையும் நான் செய்து தருகிறேன். மொபைல் கடைப் பையனுக்கு ஞாயிறு லீவு என்று கேள்வி. அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு இதே மைதானத்தில் ஆடிய ஒருவன்